கையெழுத்து

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட காலம் ஒன்று இருந்தது. திருவிழா இரவொன்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ‘தீ’ பார்த்தேன். ரஜினிகாந்த் அண்ணன், சுமன் தம்பி, சௌகார் ஜானகி அம்மா. அண்ணன் கடத்தல்காரன், தம்பி பொலிஸ். அன்றைக்குச் சண்டைதான் மனதில் நின்றது.

போன வாரம் அதன் மூலமான இந்தி ‘தீவார்’ (1975) பார்த்தேன். சலீம்-ஜாவேத் எழுத, யஷ் சோப்ரா இயக்கியது. இப்போது மனதைவிட்டுப் போகாதது ஒரு கையெழுத்து. தகப்பன் தொழிற்சங்கத் தலைவர். பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு முதலாளி தனக்குச் சாதகமான ஒப்பந்தத் தாளை நீட்டுகிறான். அவர் கையெழுத்துப் போடுகிறார். நம்பியிருந்த தொழிலாளரே அவரை அடிக்கிறார்கள். அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டே போய்விடுகிறார். தகப்பன் திருடன் என்று மூத்தவன் கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். பம்பாய்த் துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கும்போதும், பிறகு கடத்தல்காரனாகி மாடி வீடு வாங்கும்போதும் அந்தக் கைதான் கூட வருகிறது. பின்னொரு நாள் பொலிஸ்காரத் தம்பியும் ஒரு தாளைத்தான் நீட்டுகிறான்: குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு. முதலில் என் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவனிடம் போய் வாங்கிவா என்கிறான் அண்ணன்.

அமெரிக்காவில் ஆப்ரகாம் பொலன்ஸ்கி 1948இல் எடுத்த ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ படத்திலும் அண்ணன் தம்பிதான். ஏழைகள் சில்லறை கட்டும் நம்பர் சூது. கும்பலுக்கு வக்கீலான தம்பி, கடைசியில் அண்ணனின் சடலத்தைத் தேடி ஆற்றங்கரைக்கு இறங்குவான். உயர்ந்த படம். ஆனால் ‘தீவார்’ காலையில் வேலைக்குக் கூடும் எங்கள் பெரட்டுக்களத்திலேயே தொடங்குகிறது.

சம்பள நிர்ணய சபை ஊடாக 2021இல் ஆயிரம் ரூபா வரும்வரை, எங்கள் நாட்சம்பளம் கொழும்பில் தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் போடும் கூட்டு ஒப்பந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை, கொழுந்துக் கூடையோடு நிற்கும்போதே, “வித்துட்டாங்க” என்று யாராவது சொல்வார்கள். கோபம் நியாயமானது. அது போய் விழுந்த இடம்தான் நியாயமில்லை. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் கொழும்புக்குப் போனவருமில்லை, அந்தத் தாளைக் கண்டவருமில்லை. அவருடைய இரண்டு பையன்களையும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் மறித்து, “ஒங்கப்பன் எவ்வளவு வாங்குனான்?” என்று கேட்டோம். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மூத்தவன் பதினைந்து வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். தீபாவளிக்குத் தம்பி மட்டும்தான் ஊரில் இருப்பான்.