இன்னொரு வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும்

வெள்ளகோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எண்ணெய் ஆலை, விசைத்தறிக் கூடம், அரிசி ஆலை, போட்டோ ஸ்டுடியோ, வீடு என்று எல்லா இடத்துக் கம்ப்யூட்டரும் என் மேசைக்கு வரும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வேறெங்கயாச்சும் காப்பி இருக்குதுங்களா?” பலரும் தயங்காமல் சொல்லும் பதில், “இருக்குதுங்க, டி-யில இருந்தத ஈ-யிலயும் போட்டு வெச்சிருக்கறனுங்க.”

சி, டி, ஈ என்பவை மூன்று டிஸ்க் அல்ல. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கைத்தான் எங்களைப் போன்றவர்கள் மூன்றாக வகுத்துத் தருகிறோம். விண்டோஸ் கெட்டுப்போய் சி-யை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற நேர்ந்தால் மற்ற இரண்டும் தப்பும். அந்த அளவுக்குப் பிரிப்பது நல்லதுதான். ஆனால் உள்ளே சுழலும் தட்டோ, அதைப் படிக்கும் ஹெட்டோ பழுதானால் மூன்றும் ஒன்றாகவே போகும். ஒரே டிஸ்க்கில் எத்தனை முறை நகல் எடுத்தாலும் அது பேக்கப் ஆகாது. இதைக் கம்ப்யூட்டர் விற்கிற அன்றே வாங்குகிறவருக்குச் சொல்லித் தர வேண்டியது என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரின் கடமை.

டிஸ்க் என்பது என்றாவது ஒருநாள் சாகும் பொருள். பல லட்சம் டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்ற கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2023-இல் அவர்களிடம் பழுதான விகிதம் 1.40 சதவீதம். அது குளிரூட்டிய கூடத்தில், மின்சாரம் தடையின்றி வரும் இடத்தில். நம் வீடுகளில் பங்குனி, சித்திரை வெயில் உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்கும். தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி மின்விசிறியை அடைத்துக்கொள்ளும். பழுதாகும் என்று தெரிந்த பொருளிடம் குடும்பத்தின் ஒரே படியை ஒப்படைக்கலாமா?

டிஸ்க் நிறைந்துவிட்டது, பெரிதாக ஒன்று வேண்டும் என்று வருகிறவர்களிடம் அதைத் திறந்து காட்டச் சொல்வேன். இடத்தில் பெரும்பகுதியைச் சினிமாக்கள் பிடித்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரே கல்யாணப் போட்டோக்கள் நாலு ஃபோல்டரில் இருக்கும். இடம் பற்றாமல் இல்லை. எது முக்கியம் என்று அந்த வீட்டில் யாரும் தீர்மானிக்கவில்லை.

தீர்மானிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இது தொலைந்தால் மறுபடி கிடைக்குமா என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள். சினிமா மறுபடி கிடைக்கும். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கிரயப் பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் உண்டு. ஆனால் பேத்திக்கு அப்பிச்சி சொன்ன கதையை யாரோ பழைய நோக்கியா போனில் பதிவு செய்திருந்தால், அது வேறெங்கும் இல்லை. கல்யாண இணைச்சீர் வீடியோவில் கூடை பிடித்து நிற்கும் அத்தை இன்று இல்லை. பத்திரத்தை லேமினேட் செய்து பீரோவில் பூட்டுகிற நாம், திரும்பக் கிடைக்காத இந்தக் குரலையும் முகத்தையும் உடைந்த செல்போனுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். பேக்கப் எடுப்பதை இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, தேடினால் கிடைக்கும்படி பெயர் வைப்பது. ‘நியூ ஃபோல்டர் 7’ என்பது வைத்தவருக்கே நாளை புரியாது. வருடம், மாதம், பிறகு நிகழ்ச்சி என்ற வரிசையில் ‘2011-03 சிவராத்திரி தேர்’ என்று வைத்தால், வீரகுமாரசுவாமி கோயில் தேர்ப் படங்கள் எல்லாம் தாமாகவே கால வரிசையில் நிற்கும். எங்கள் ஊருக்கு இது இன்னும் அவசியம். வெள்ளகோவில் ஒரு காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டம். 1979-இல் பெரியார் மாவட்டமானது, பிறகு அதுவே ஈரோடு மாவட்டமானது, 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. ஒரே தோட்டத்தின் காகிதங்கள் நாலு மாவட்டப் பெயரில் இருக்கும். மாவட்டம் பார்த்துப் பிரித்தால் சிதறிப்போகும். வருடத்தையும் சர்வே எண்ணையும் முன்னால் போட்டால் ஓரிடத்தில் சேரும்.

டிடிபி சென்டர்களில் அடித்த பழைய கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை போன்றவற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அவை இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. ஃபைல் பத்திரமாக இருந்தாலும் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பித்தான் தெரியும். அவற்றை இப்போதே பிடிஎஃப் ஆக மாற்றி வையுங்கள். வீட்டில் ரைட் செய்த டிவிடிகளையும் முதல் வேலையாக டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அவற்றின் சாயப் பூச்சு வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் கெடும். இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் டிவிடி போடும் இடமே இல்லை.

இதெல்லாம் செய்தபின் வருவதுதான் நான் வற்புறுத்த விரும்புவது. ஒரு படி வேறு வீட்டில் இருக்க வேண்டும். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகும்போது, தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படி இருந்ததால்தான் படம் மீண்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அச்சேறிய நூலுக்கு வேறெங்காவது பிரதி இருந்திருக்கும். வேறு படி இல்லாத ஏடுகள் என்றைக்குமாகப் போயின.

ஓலைச்சுவடிக் காலத்தில் நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஓலை செல்லரிக்கும் என்பதால் புது ஓலையில் படி எடுத்தார்கள், ஊர் விட்டு ஊர் கொடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஊர்களில் சுவடி தேட முடிந்ததே பல வீடுகளில் படிகள் இருந்ததால்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் பணியாற்றிய புலவர் செ. இராசு, கொங்கு நாட்டின் செப்பேடுகளையும் சுவடிகளையும் வீடு வீடாகத் தேடிச் சேகரித்தார். யாரோ ஒருவர் தன் பொறுப்பு என்று எடுத்துக் காத்ததால் கிடைத்தவை அவை.

ஆகவே வெளியில் மாட்டும் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கும் மகள் வீட்டுக்கோ மச்சான் வீட்டுக்கோ போகட்டும். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் திருட்டுக்கும் தீக்கும் சேர்ந்தே பலியாகும். வீட்டில் இருப்பதையும் எப்போதும் கம்ப்யூட்டரில் மாட்டியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியபோது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படிப்பட்ட வைரஸ், மாட்டியிருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். தறிக்காரர்களின் டேலி கணக்குக்கும் இது பொருந்தும்.

கூகுளில் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோக்களுக்கு அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. இப்போது இலவசம் 15 ஜிபி, அதுவும் மெயிலுக்கும் சேர்த்து. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை நீக்கும் விதியும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் காலமாகி, கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போனால், அவர் எடுத்த படங்கள் கணக்கோடு போய்விடலாம். கணக்கு செயலற்றுப்போனால் யாருக்கு ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறிக்கும் வசதியை கூகுளே தருகிறது. உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்து வைப்பது சொத்துக்கு உயில் எழுதுவதைப் போன்ற பொறுப்பு.

ஸ்டுடியோ நடத்தும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆல்பம் கொடுத்ததோடு நிறுத்தாமல், எடுத்த மூலப் படங்களை ஒரு டிஸ்க்கில் கொடுங்கள். உங்களிடம் உள்ளதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே அச்சிடுங்கள். ஸ்டுடியோவில் இருக்கும் என்று நம்பி வருடங்கள் கழித்துப் போய்க் கேட்டு ஏமாந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த வேலைக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்று தறியையும் லாரியையும் ஆலை இயந்திரத்தையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்கும் வைக்கிறோம். அதற்கு முந்தைய வாரமே வேறு வீட்டு டிஸ்க்கை வரவழைத்து, ஆண்டு முழுவதும் சேர்ந்ததை இரண்டிலும் ஏற்றுங்கள். ஏற்றியதோடு விடாமல் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். பிக்ஸாரில் நடந்ததைப் போல, திறந்து பார்க்காத பேக்கப் பயன்படாது என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். ஐந்தாறு வருடம் ஆன டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துப் புதியதற்கு மாற்றுங்கள்.

முக்கியமாக, இது யாருடைய வேலை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கல்லூரிக்குப் போகும் மகளோ, ஓய்வுபெற்ற மாமாவோ, யாராகவும் இருக்கலாம். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் எங்கே எழுதியிருக்கிறது என்று அவருக்கும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்பதற்குப் பெருநகர ஆய்வகங்கள் கேட்கும் தொகையில் நல்ல டிஸ்க் பல வாங்கலாம். அப்படிச் செலவழித்தும் எல்லாம் திரும்பும் என்ற உறுதியை யாரும் தருவதில்லை. இரண்டு டிஸ்க்கும், ஆண்டுக்கு ஒரு நாளும், பொறுப்பேற்க ஒருவரும் போதும். அதற்கு வசதி இல்லாத வீடு நம் ஊரில் குறைவு.