ரஷ் அடிக்கிறவன் வில்லன் இல்லைங்க!

மக்களே, இது கேம் பதிவு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

1999ல வந்த ஆட்டம். 2019ல 'டெஃபினிட்டிவ் எடிஷன்'னு புதுச்சட்டை மாட்டி திரும்ப வந்துச்சு. பொதுவா மூணு கிராமத்து ஆளு, ஒரு குதிரைக்காரன், ஒரு டவுன் சென்டர், இதை வச்சுத்தான் ஆரம்பிக்கணும். ஆடு அடிச்சு, மரம் வெட்டி, சாம்ராஜ்யம் கட்டணும். நீங்க நிதானமா கட்டிட்டு இருக்கும்போதே எதிராளி மூணு அடியாளை அனுப்பி மரம் வெட்றவனைத் துரத்துவான். இல்லேன்னா உங்க வாசல்லயே கோபுரம் கட்டி அம்பு விடுவான். இதுதான் ரஷ்.

"இதெல்லாம் ஒரு பொழப்பா? இவனுங்களாலதான் புதுசா யாரும் வர்றதில்ல"ன்னு ஒரு கூட்டம் வருஷக்கணக்கா புலம்புது. "இருபது நிமிஷத்துக்கு யாரும் அடிக்கக்கூடாது"ன்னு பஞ்சாயத்து பேசி ஆடுற கூட்டம். சாமிகளா, அதுக்கு பேசாம வீட்டுக்குக் கோலம் போட்டுட்டு இருக்கலாமே!

ரஷ் சும்மா வர்றதில்ல. ஒரு கிராமத்தாளுக்கு 50 உணவு. அடியாளுக்குப் போடற உணவு, பாரக்ஸுக்குப் போடற மரம் எல்லாம் அவன் பொருளாதாரத்துலேர்ந்து பிடுங்கினது. ரஷ் ஃபெயிலானா அவன்தான் பின்னாடி நிப்பான். தடுக்கவும் ஆட்டத்துலயே வழி இருக்கு. 50 தங்கத்துக்கு 'லூம்' போட்டா கிராமத்தாள் உயிர் 25லேர்ந்து 40 ஆகும். மரவேலி போடலாம். மணி அடிச்சா 15 பேர் டவுன் சென்டருக்குள்ள ஓடி அம்பு விடுவாங்க. சதுரங்கத்துல நாலே நகர்த்தல்ல மேட் வைக்கலாம். அதுக்காக அதைத் தடையா பண்ணிட்டாங்க? தடுக்கக் கத்துக்கறோம், அவ்ளோதான்.

அப்ப புதுசா வர்றவன் ஏன் ஓடறான்? ஓடறது நிஜம். என் சித்தி பையனை நான்தான் இழுத்துட்டு வந்தேன். ரேங்க் ஆட்டத்துல எல்லாருக்கும் ஆரம்பம் 1000 புள்ளி. அங்க இருக்கறவன் ஓரளவு பழகினவன். நம்மாளு தகுதிக்கு அதுல பாதிதான் வரும். அந்த இடத்துக்கு இறங்கவே அடி மேல அடி வாங்கணும். இது கணக்கு, யார் தப்பும் இல்ல. ஆனா நடுவுல ஒரு புண்ணியவான் வந்தான் பாருங்க. நல்லா ஆடத் தெரிஞ்சவன், ரெண்டாவது கணக்குல கீழ இறங்கி வந்து கத்துக்குட்டிகளை வேட்டையாடறவன். பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு "ஈஸி"ன்னு டைப் பண்ணிட்டுப் போயிட்டான்.

"அண்ணா, எதுல தோத்தேன்னே தெரியல" அப்படின்னான் தம்பி. மறுநாள் அன்இன்ஸ்டால்.

வியாதி இங்கதான் இருக்கு. தோக்கறது இல்ல, ஏன் தோத்தோம்னு தெரியாம தோக்கறது. அதுக்கு ரஷ்ஷைத் திட்டி என்ன பிரயோசனம்? கோபுரத்துக்குப் பதிலா யானைப்படையோட வந்திருந்தாலும் அந்த வேட்டைக்காரன் இதையேதான் செஞ்சிருப்பான்.

"அடிக்காத"ன்னு சொல்ற கூட்டமும் யோக்கியம் இல்ல. புதுசா வந்தவனை 'பிளாக் ஃபாரஸ்ட்' காட்டுக்குள்ள சுவர் கட்டி உட்கார வச்சே வளர்க்கறாங்க. நாலு வருஷம் ஆடினாலும் அவனுக்கு அஞ்சாவது நிமிஷத்துல வர்ற மூணு அடியாளைச் சமாளிக்கத் தெரியாது. பாதுகாக்கறோம்னு சொல்லி முடமாக்கறாங்க.

ரஷ் அடிக்கிற கனவான்களே, தாராளமா அடிங்க. ஜெயிச்சப்புறம் "ஈஸி"ன்னு அடிக்கற நேரத்துல "லூம் போடு, வேலி கட்டு, ரெக்கார்டிங்கைப் பாரு"ன்னு ஒரு வரி அடிங்க. இருபத்தஞ்சு வருஷம் தாண்டின ஆட்டம் இது. புதுசா வர்றவன்தான் இதுக்கு மூச்சு. அவனையும் துரத்திட்டா அப்புறம் யார் வாசல்ல போய் கோபுரம் கட்டறது?

தம்பி இன்னும் திரும்பி வரல. கேட்டா "பாக்கலாம்ணா"ங்கறான்.

டிஸ்கி: நானும் ரஷ் பார்ட்டிதான். முக்கால்வாசி ஃபெயில்தான் ஆகும் :-)