காணாமல் போன அடங்கல்

தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுபட்டுப் பாதிக்கப்பட்டவர்களில், 2001, 2009 இழப்பீட்டு உத்தரவுகளின்படி இன்னும் பணம் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு, தோல் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் சொன்னது. அதை முழுமனதோடு வரவேற்கிறோம். 2001 உத்தரவில் மட்டும் 186 கிராமங்களைச் சேர்ந்த 29,193 பேர் இருக்கிறார்கள். அவர்களில் இறந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று உதவி கேட்டு நம் மேசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கான சான்று பழைய அடங்கலிலும் (கிராமத்தின் நில, பயிர்க் கணக்கு) பாதிக்கப்பட்டவர்களின் கணக்கெடுப்புப் பட்டியலிலும் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், “கோப்பு கண்டறிய இயலவில்லை” என்று ஒரு வரி பதில் வருகிறது.

இதற்கு யார் பொறுப்பு? பாரதிய நியாய சன்ஹிதா 241ஆம் பிரிவின்படி குற்றமாக வேண்டுமானால், ஆவணம் சாட்சியமாக வராமல் தடுக்கும் நோக்கத்தோடு அது அழிக்கப்பட்டிருக்க வேண்டும். 256ஆம் பிரிவு பொய்ப்பதிவைப் பற்றியது. அதற்கும் உள்நோக்கம் வேண்டும். இதில் நமக்கு மறுப்பில்லை. கரையான் அரித்த கட்டுக்காக ஓர் எழுத்தரைச் சிறைக்கு அனுப்புவது நீதியாகாது. 1993 பொது ஆவணச் சட்டமோ மத்திய அரசு, யூனியன் பிரதேச ஆவணங்களோடு நின்றுவிடுகிறது; மாநில அரசின் அடங்கலுக்கு அது பொருந்தாது.

ஆனால் அலுவல் இரகசியச் சட்டம் 5(1)(ஈ) பிரிவைப் படித்துப் பாருங்கள். இரகசிய ஆவணத்தை நியாயமான கவனத்தோடு காக்கத் தவறினாலே குற்றம். மூன்றாண்டு வரை சிறை. அங்கே உள்நோக்கத்தை யாரும் கேட்பதில்லை. தன் இரகசியம் என்றால் அலட்சியத்தையே குற்றமாக்கத் தெரிந்த அரசுக்கு, விவசாயியின் ஒரே சான்று தொலைந்தால் மட்டும் குற்ற மனம் தேவைப்படுகிறது. பாரதிய சாட்சிய அதினியம் 60ஆம் பிரிவும், அசலைத் தர முடியாத காரணம் குடிமகனின் அலட்சியமா என்று பார்க்கிறது. அவன் அலட்சியம் கணக்கில் வரும். அலுவலகத்தின் அலட்சியம் வராதா? 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபின் ஆம்பூர்க்காரர் வேலூரில் கேட்டால் திருப்பத்தூருக்கும், திருப்பத்தூரில் கேட்டால் வேலூருக்கும் அனுப்பப்படுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆறு மாசுபட்டதற்குத் தீர்ப்பு கிடைத்தது. அதைப் பதிந்த தாளை இழந்தவர்களை நோக்கி யாரும் விரல்கூட நீட்டவில்லை.

பொது ஆவணக் காவலில் அலட்சியத்துக்குத் தண்டத்தொகையும் துறை நடவடிக்கையும் விதிக்கும் மாநிலச் சட்டம் வேண்டும். சிறை, உள்நோக்கம் உள்ளவருக்கு இருக்கட்டும். அதுவரை, நண்பர்களே, அந்த ஒரு வரி பதிலை ஏற்காதீர்கள். காணாமல் போன ஆவணத்துக்கு விசாரணை நடத்திப் பொறுப்பு நிர்ணயிக்கலாம் என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். கோப்பு நகர்வுப் பதிவேட்டின்படி அது கடைசியாக யாரிடம், எந்தத் தேதியில் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். உள்நோக்கம் இருந்திருந்தால், அதன் முதல் தடயம் அந்தப் பதிவேட்டில்தான் கிடைக்கும்.