சந்தா கட்டியாச்சு, தேடச் சொல்லிக் கொடுத்தோமா? டாக்டர்களுக்குத் தேவைப்படும் அந்த ஒரு வகுப்பு

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு 2 மணி, டெங்கு வார்டு. 28 வயது நோயாளிக்கு பிளேட்லெட் 18,000-க்கு இறங்கிவிட்டது. ரத்தக்கசிவு இல்லை, பிபி சரியாக இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் ஏன் டாக்டர் பிளேட்லெட் ஏத்தல? டோனர் எல்லாம் ரெடியா இருக்காங்களே" என்கிறார். டூட்டியில் இருப்பது ஒரு ஹவுஸ் சர்ஜன். சீனியர் ஐசியூவில் பிஸி. அந்த இளம் டாக்டர் போனை எடுத்துத் தேடத் தொடங்குகிறார்.

எங்கே தேடுவார்? எப்படித் தேடுவார்? அதை அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாமல் விட்டுவிடுகிற விஷயம் இது. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கூகுள் இருக்கே, அது போதாதா?

போதாது. கூகுளில் 'டெங்கு பிளேட்லெட்' என்று தட்டினால் மருத்துவமனை விளம்பரம், பப்பாளி இலைச் சாறு வீடியோ, நாளிதழ் செய்தி, நடுவில் எங்கேயோ ஓர் ஆய்வுக் கட்டுரை என்று எல்லாம் கலந்துதான் வரும்.

மருத்துவ ஆய்வுகளுக்கென்றே தனி டேட்டாபேஸ்கள் இருக்கின்றன. அதில் முக்கியமானது பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. 1997-ல் இருந்து உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். இன்று அதில் 3.7 கோடிக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன.

ஆனால் அதிலும் 'டெங்கு' என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். இரவு 2 மணிக்கு யார் படிப்பது?

சரி, நூலகர் இதில் எங்கே வருகிறார்?

இங்கேதான். மருத்துவ நூலகர் நடத்தும் தேடல் பயிற்சி, கேள்வியை ஒழுங்காகக் கேட்பதில் இருந்து தொடங்கும். யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்ற நான்கு துண்டாக அதை உடைப்பார்கள். இதற்கு 'பைக்கோ' முறை என்று பெயர்.

நம் வார்டுக்குப் பொருத்திப் பாருங்கள். யார்? ரத்தக்கசிவு இல்லாத, வயது வந்த டெங்கு நோயாளி. என்ன சிகிச்சை? முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றுவது. எதோடு ஒப்பிட்டு? ஏற்றாமல், வழக்கமான கவனிப்பு மட்டும். என்ன விளைவு? ரத்தக்கசிவைத் தடுக்குமா?

அடுத்தது, சொற்கள். நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்கர்கள் அசெட்டமினோஃபென் என்பார்கள். ஒரே மாத்திரைதான். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இன்னொரு பெயரில் எழுதியவை விட்டுப்போகலாம். இதற்காகவே 'மெஷ்' என்ற சொல் பட்டியல் இருக்கிறது. கட்டுரையாளர் எந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், ஒரே பொருள் ஒரே தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்துவிடும்.

நாம் தட்டும் சொல்லைப் பொருத்தமான மெஷ் தலைப்போடு சேர்க்கும் வேலையை பப்மெட் தானாகவே செய்கிறது. ஆனால் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த உதவி நின்றுவிடும். கூகுள் பழக்கத்தில் மேற்கோள் போடுபவர்களுக்கு, தான் எதை இழந்தோம் என்பதே தெரியாது. இன்னொன்று, நேற்று வந்த கட்டுரைக்கு மெஷ் தலைப்பு இன்னும் ஒட்டப்படாமல் இருக்கலாம். அதனால் தலைப்பையும் போட வேண்டும், சாதாரணச் சொல்லையும் போட வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டினால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். தானாகக் கண்டுபிடிக்க வருஷக்கணக்காகலாம்.

இப்படித் தேடி, 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்' என்ற ஃபில்டரையும் போட்டால், அந்த ஹவுஸ் சர்ஜனுக்கு 2017-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கிடைக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே போன 372 பேரிடம் நடந்தது. முன்னெச்சரிக்கையாக ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுப்பதில் கூடுதல் பலன் தரவில்லை. பாதகமான விளைவுகள் ஏற்றியவர்களிடம்தான் அதிகம். (குழந்தைகள், ரத்தக்கசிவு தொடங்கியவர்கள் விஷயம் வேறு. முடிவு டாக்டருடையது.)

இப்போது அந்த அண்ணனிடம் "வேண்டாம்" என்று சொல்ல டாக்டருக்குக் காரணம் இருக்கிறது. அந்த யூனிட் ரத்தம் உண்மையிலேயே தேவைப்படுபவருக்குப் போகும்.

தேடல் தவறினால் என்ன ஆகும்?

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆஸ்துமா ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 24 வயதுப் பெண் ஒருவர் தன்னார்வலராகச் சேர்ந்து, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு அந்த ஆண்டு ஜூன் 2-ம் தேதி இறந்தார்.

1950-களில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து அது. நுரையீரலைப் பாதிக்கலாம் என்ற குறிப்புகள் அந்தக் காலத்து மருத்துவ இதழ்களிலேயே இருந்தன. ஆய்வாளர் பப்மெட்டைத் தேடித்தான் பார்த்திருந்தார். ஆனால் அப்போது பப்மெட் 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையதைப் பார்க்க, நூலக அலமாரியில் இருந்த அச்சுத் தொகுதிகளைப் புரட்டியிருக்க வேண்டும்.

அந்த மரணத்துக்குத் தேடல் மட்டும் காரணம் இல்லை. ஒப்புதல் படிவத்திலும் மேற்பார்வையிலும் குறைகள் இருந்ததாக விசாரணைகள் சொல்லின. ஆனால் ஒரு டேட்டாபேஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவ நூலகர்கள் அதற்குப் பிறகு உரக்கப் பேசத் தொடங்கினார்கள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றால் 'ஒன்றும் இல்லை' என்று அர்த்தம் இல்லை.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

வாசல் திறந்துதான் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை என்ற குறை இருந்தாலும், இது பெரிய முதலீடு.

பயிற்சி? சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவாக்கிய ஆய்வு முறைகள் ஆன்லைன் படிப்பை, முதுநிலை மருத்துவ மாணவர்கள் கட்டாயம் முடிக்க வேண்டும். அதில் ஆய்வு இலக்கியத்தைத் தேடிப் படிப்பது பற்றியும் ஒரு பாடம் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் அது முதுநிலைக்கு, அதுவும் வீடியோவில். இரவு டூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும், மருந்தின் அளவைச் சரிபார்க்கும் நர்ஸுக்கும், இரண்டு மருந்துகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் மருந்தாளுநருக்கும் கையைப் பிடித்துச் சொல்லித் தருவது யார்?

அந்த ஆள் ஏற்கெனவே கேம்பஸிலேயே இருக்கிறார். அவர்தான் நூலகர். சோகம் என்னவென்றால், பல இடங்களில் அவரை நோ டியூ சான்றிதழில் கையெழுத்துப் போடுபவராக மட்டும்தான் பார்க்கிறோம்.

"நேரம் எங்கே இருக்கு?"

நியாயமான கேள்வி. 100 பேருக்கு மேல் ஓபி பார்க்கும் டாக்டரை உட்கார்ந்து மெஷ் படி என்று சொல்ல முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. 1971-லேயே அமெரிக்காவின் மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர், டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்கே நூலகர்களை அனுப்பினார். அங்கே எழும் கேள்விகளுக்கு ஆய்வுகளைத் தேடி எடுத்துத் தருவது அவர்கள் வேலை. நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதையே நூலகத்துக்கு ஒரு விதியாக வைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர்.

"ஏஐ-கிட்ட கேட்டா சொல்லிடுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட்பாட்கள் இல்லாத கட்டுரையை, இதழ் பெயர், ஆண்டு எல்லாம் போட்டு, இருப்பதுபோலவே காட்டுவதுண்டு. அது உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் இதே தேடும் திறன்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மூன்றே விஷயம். ஹவுஸ் சர்ஜன் பணி தொடங்கும் முன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு மணி நேரத் தேடல் வகுப்பு. நர்ஸிங், பார்மசி மாணவர்களுக்கும் அதே வகுப்பு. அதை நடத்தும் நூலகருக்கு ஆசிரியருக்கான மரியாதையும், கால அட்டவணையில் ஓர் இடமும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சாஃப்ட்வேர் வேண்டாம். பப்மெட் இலவசம், நூலகர் ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறார்.

6,000 கோடிக்குச் சாவி வாங்கியிருக்கிறோம். பூட்டில் அதை எப்படிப் போடுவது என்று அந்த ஹவுஸ் சர்ஜனுக்குச் சொல்லிக் கொடுப்பது அடுத்த மழைக்காலத்துக்குள் நடக்கட்டும். டெங்கு வார்டு அதற்குள் நிரம்பிவிடும்.