பயத்தை மணிக்கணக்கில் அளக்கிறவர்களுக்கு

டிஸ்கி: கம்ப்யூட்டர் கேம் என்றாலே வேலைவெட்டி இல்லாதவன் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இப்போதே அப்பீட் ஆகிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

2020 மே மாதம் 'ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன்' என்று ஒரு தொகுப்பு வந்தது. பத்து பேரிடம் ஆளுக்கு ஏழு நாள் கொடுத்து, குட்டியாக ஒரு திகில் கேம் செய்து தாருங்கள் என்று கேட்டார்கள். பத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்றார்கள். அது ஓடியதும் அதே வருடம் ஆகஸ்டில் இரண்டாவது தொகுப்பு, இந்த முறை பன்னிரண்டு கேம்கள். அப்புறம் 2021 ஏப்ரலில் 'தி ஹன்ட்'. இதில் எல்லாமே ஷூட்டர் வகை. அதாவது இருட்டும் உண்டு, பிசாசும் உண்டு, கூடவே உங்கள் கையில் ஓர் ஆயுதமும் உண்டு.

இந்த மாதிரி தொகுப்புகளை ஆடிவிட்டு நம்ம ஆட்கள் (உலகத்திலுள்ள எல்லா கேமர்களும் நம்ம ஆட்கள்தான்) சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் புகார், "ரொம்பச் சின்னது. ஆரம்பிச்சதும் முடிஞ்சிடுச்சு."

ஐயா, 'காஞ்சனை' ஒரு சிறுகதை. அதைப் படித்துவிட்டு புதுமைப்பித்தனிடம் போய், ஐநூறு பக்கம் எழுதியிருந்தால் இன்னும் பயந்திருப்பேனே என்று யாராவது கேட்பார்களா? பயம் என்பது பழகினால் போய்விடுகிற சரக்கு. இருபது மணி நேரம் ஓடுகிற ஒரு ஷூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிசாசு கதவைத் திறந்துகொண்டு வரும்போது நாற்காலியோடு பின்னால் சாய்வோம். அம்பதாவது பிசாசு வரும்போது? "ரெண்டு தோட்டா தலையில், ஒண்ணு மிச்சம்" என்று கணக்கு எழுதிக்கொண்டிருப்போம். மளிகைக் கடை வேலை. குட்டி கேமில் அம்பதாவது பிசாசே கிடையாது. அதற்குள் முடிந்துவிடும். அது குறையா?

இரண்டாவது தொகுப்பில் டேவிட் சிமான்ஸ்கி செய்த 'ஸ்குவிரல் ஸ்டேப்ளர்' இருக்கிறது. காட்டில் அணில் வேட்டை. சுட்ட அணிலைக் கொண்டுவந்து குடிசையில் இருக்கும் மனைவியின் பிணத்தில் ஸ்டேப்ளர் அடித்து ஒட்ட வேண்டும். (சாப்பிடும்போது படிப்பவர்கள் மன்னிக்கவும்.) 'கடவுள் வருகிறார்' என்று நாட்கள் வேறு குறைந்துகொண்டே போகும். இந்த யோசனையைப் பதினைந்து மணி நேரத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? அணில் தோலில் கோட்டு தைக்கலாம், துப்பாக்கியை மூன்றாம் லெவலுக்கு ஏற்றலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். மனைவியை மறந்தே போவோம்.

இந்த மணிக்கணக்கு வெறும் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. ஸ்டீமில் வாங்கி பதினாலு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நல்ல விதிதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் 2021இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமை எடுத்த எமிகா கேம்ஸ் என்ன ஆனது? கேம் ஒன்றரை மணி நேரம்தான். முழுசாக முடித்து, "சூப்பர்" என்று பாராட்டியும் எழுதிவிட்டு, காசைத் திருப்பி வாங்கிப் போனார்கள். கேம் செய்வதையே விடுகிறேன் என்று அந்த மனிதர் அறிவித்தார். ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டு ஏப்பம் விட்டு, அளவு சின்னது, காசைக் கொடு என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இப்படி ஒரு சந்தையில் குட்டி கேம்கள் பொட்டலமாகச் சேர்ந்து வருவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அடுத்து, "ஒண்ணு நல்லா இருக்கு, ரெண்டு மொக்கை." தீபாவளி மலர் வாங்கினதில்லையா நீங்கள்? விடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. "துப்பாக்கி சரியில்லை. குறி வைக்க நேரமாகுது, ரீலோட் மெதுவா இருக்கு, இருட்டில் ஒண்ணும் தெரியலை." இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2004இல் வந்த 'டூம் 3' ஞாபகம் வரும். செவ்வாய் கிரகத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம், கும்மிருட்டு. கையில் டார்ச் எடுத்தால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி எடுத்தால் டார்ச் இல்லை. ஏதோ உறுமுகிறது. பார்க்கப் போகிறாயா, சுடப் போகிறாயா? மொத்த கேமின் பயமும் அந்த அரை விநாடியில்தான் இருந்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? செவ்வாய்க்கே போகத் தெரிந்தவர்களுக்கு டார்ச்சைத் துப்பாக்கியில் கட்டத் தெரியாதா என்று கிண்டலடித்தார்கள். டார்ச்சை டேப் போட்டுத் துப்பாக்கியோடு ஒட்டுகிற 'டக்ட் டேப்' மோட் ஒன்று உடனே வந்து, பிரபலமும் ஆனது. 2012இல் 'பிஎஃப்ஜி எடிஷன்' வந்தபோது கம்பெனியே இறங்கி வந்து டார்ச்சைக் கவசத்தில் மாட்டிவிட்டது. வெளிச்சமும் கூடுதல், தோட்டாவும் கூடுதல். லாஜிக் பார்த்தால் கிண்டலடித்தவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பயம்தான் காணாமல் போனது.

ஏழு நாளில் செய்த கேமில் பிழை இருக்கும். சுவருக்குள் மாட்டிக்கொள்வது, சேவ் ஆகாமல் போவது மாதிரி விஷயங்களுக்குத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஒரு திகில் ஷூட்டரில் துப்பாக்கி எப்போதும் சொன்ன பேச்சு கேட்க வேண்டும் என்று கேட்பது மட்டும் வேறு. நீங்கள் கேட்பது வேட்டைக்காரன் வேலை. இந்த கேம்கள் கொடுப்பது வேட்டையில் அகப்பட்டவன் வேலை.

போன வாரம் 'டூம் 3'ஐ மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். 2004 பதிப்புதான். டேப் ஒட்டவில்லை.