பழைய கணினியைக் காக்கும் மென்பொருள்

இன்று நாம் எழுதும் கட்டுரைகளையும் எடுக்கும் படங்களையும் கணினியில் சேமித்து வைக்கிறோம். அவை என்றும் அழியா என்று நம்புகிறோம். ஆனால், கோப்பு இருந்தும் அதைத் திறக்கும் கணினி இல்லாமற்போனால் என்ன செய்வது? அந்நிலையில் கைகொடுப்பதுதான் ‘எமுலேட்டர்’ என்னும் மென்பொருள். ஒரு கணினியை வேறொரு கணினியைப் போல இயங்கச் செய்வதே இதன் பணி. இதை வெறும் விளையாட்டுச் சாதனமாகக் கருதாமல், அறிவைப் பாதுகாக்கும் கருவியாகப் போற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

1982ஆம் ஆண்டில் கொமடோர் 64, சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகிய வீட்டுக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்றுக்காக எழுதப்பட்ட நிரல் மற்றொன்றில் இயங்காது. ஏனெனில், அவற்றின் செயலிகள் வெவ்வேறு கட்டளைகளையே புரிந்துகொள்ளும். எமுலேட்டரோ ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போன்றது. அது பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றுக்குரிய வேலையை இன்றைய கணினியில் செய்து முடிக்கிறது. பழைய கணினியின் திரையையும் ஒலியையும்கூட அவ்வாறே உருவாக்கிக் காட்டுகிறது.

இதன் தேவையை உணர்த்த ஒரு சான்று போதும். இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில், மன்னர் வில்லியமின் ஆணைப்படி நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே’ நூலை உருவாக்கினர். அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் புதிய டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பள்ளி மாணவர்கள் உட்பட ஏறக்குறைய ஒரு மில்லியன் மக்கள் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் அதற்கு உதவினர். அவை லேசர் வட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகளும் அதற்குரிய கணினிகளும் அரிதாகிவிட்டன. 900 ஆண்டுப் பழைமையான நூலைப் படிக்க முடிந்தது. மாணவர்கள் அண்மையில் எழுதியவற்றைப் படிப்பது கடினமாயிற்று! 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எமுலேட்டரின் துணையோடு அத்தொகுப்பை மீண்டும் இயக்கிக் காட்டினர்.

எமுலேட்டரால் பழைய விளையாட்டுகளை அனுமதியின்றி நகலெடுக்கும் பழக்கம் பெருகும் எனச் சிலர் வாதிடுவர். அக்கவலை நியாயமானதே. ஆயினும், அது பயன்படுத்துவோரின் குற்றமே அன்றிக் கருவியின் குற்றமன்று. உரிமையாளர்கள் மனம் வைத்தால் இதற்கு வழி உண்டு. ஸ்பெக்ட்ரம் கணினியின் உரிமையைப் பெற்றிருந்த அம்ஸ்டிராட் நிறுவனம், அதன் அடிப்படை நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க 1999இல் அனுமதித்தது.

எமுலேட்டர் சரியாக இயங்குகிறதா என்பதை அறிய, அதைப் பழைய கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அக்கணினி முற்றிலும் பழுதடைந்த பிறகு எதனோடு ஒப்பிடுவது? வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. எனவே, பழைய கணினிகள் இயங்கும்போதே, அவற்றை நன்கு அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, இப்பணியைச் செய்து முடிக்க வேண்டும். கோப்புகளைச் சேமிப்பது பாதி வேலைதான்; அவற்றைத் திறக்கும் வழியையும் சேர்த்துச் சேமிப்பதே முழுமையான பாதுகாப்பாகும்.