அக்கா பெயர் பட்டியலில் இருந்தது



போன வாரம் அக்காவின் உதவித்தொகை விஷயமாக ஓர் அலுவலகம் போனோம். அவள் பெயர் 'கௌ' என்று தொடங்கும். கணினியில் தட்டிப் பார்த்த தம்பி, "இந்தப் பேர்ல யாரும் இல்லையே சார்" என்றான். அக்காவுக்கு வயது 75. என் முகத்தைப் பார்த்தாள். பட்டியலை உருட்டிக் காட்டச் சொன்னேன். பெயர் கண்ணெதிரே இருந்தது! "சிஸ்டம் எடுக்கலையே சார்" என்று கையை விரித்துவிட்டான்.

திரையைப் படம் பிடித்து, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை பார்க்கும் பழைய மாணவனுக்கு அனுப்பினேன். மாலையில் மறைமலை நகர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

யூனிகோடில் 'கௌ'வை ககரத்தோடு ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கொம்புக்கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாமாம். கண்ணுக்கு ஒன்றே, உள்ளே எண்கள் வேறு. 'கொ', 'கோ'வுக்கும் இதே கதை. இவை சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வது நிரல் எழுதுபவர் வேலை.

அக்கா பெயரில் நடந்தது வேறு. 'கெ' போட்டுப் பக்கத்தில் ளகரத்தையே தட்டியிருக்கிறார்கள்: 'கெள'. இது பிழைதான். நானாக இருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். ஆளே இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன்.

"தடித்த எழுத்தும் சாதா எழுத்தும் சமமாப்பா?" என்று கேட்டேன். "நீங்க எதை ஒப்பிடறீங்கன்றதைப் பொறுத்தது சார்" என்றான். ஆப்பிள் கருவிகளுக்கு எழுதும் நிரலில், அலங்காரம் சேர்ந்த சொற்களை அப்படியே ஒப்பிட்டால் எழுத்து, தடிமன், நிறம் எல்லாம் ஒத்தால்தான் சமமாம். எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தும் ஒப்பிடலாமாம்.

என் கட்சி இரண்டாவதுதான். 'அடிக்கோடிட்ட சொல் எது' என்று கேட்டால் கோடும் கணக்கில் வரட்டும். பெயரைத் தேடும் இடத்தில் கோட்டுக்கு என்ன வேலை? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை'யைத் துதிக்கை வைத்து எழுதிய ஆள் நான். அன்று எழுதிய மலையும் இன்றைய மலையும் ஒன்றுதானே! கணினியிலும் பழைய வடிவ எழுத்துரு போட்டால் தோற்றம்தான் மாறும், உள்ளே எண் மாறாது. (பாமினியில் அடித்த பழைய கோப்புகள் வேறு ரகம். அங்கே உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருவை எடுத்தால் அம்மாவே காணாமல் போவாள்.)

திங்கட்கிழமை அக்காவை மறுபடி கூட்டிப் போகிறேன், இரண்டு விதமாகவும் தட்டச் சொல்ல. மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே, உங்கள் தேடல் பெட்டி 'இல்லை' என்று சொல்லுமுன் 'கெள'வையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.